அங்கன்வாடித் தோட்டம்: விதைக்கு முன்னால் போத்து

அங்கன்வாடியில் தோட்டம் போடுவது புதிய யோசனை இல்லை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975-ல். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தது 1982-ல். 2018-ல் வந்த போஷன் அபியானிலும் மையங்களில் காய்கறித் தோட்டம் வலியுறுத்தப்படுகிறது. ஆனாலும் நம்ம பக்கம் போடுகிற தோட்டங்கள் பெரும்பாலும் கோடையைத் தாண்டுவதில்லை. ஏன்?

நான் செய்த தப்பையே சொல்கிறேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் செம்மண். தண்ணீர் நிற்காது. எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு முதல் வருஷம் தக்காளி, கத்தரி, வெண்டை விதை கொடுத்தேன். தை வரைக்கும் பிள்ளைகள் பறித்துக் கொண்டாடினார்கள். சித்திரையில் தண்ணீர் இல்லை, விடுமுறையும் வந்தது. மிச்சத்தை ஆடு மேய்ந்துவிட்டது. சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என்று ஓடுகிற டீச்சரம்மாவையும் ஆயாம்மாவையும் குறை சொல்ல முடியாது. கோடையை நினைக்காமல் விதை கொடுத்தது என் தப்பு.

அடுத்த வருஷம் வரிசையை மாற்றினோம்.

முதலில் வேலி. கிளுவைப் போத்து நட்டு, அது தழைக்கும்வரை முள் அடைத்தோம். ஆடு புகாத வேலி இல்லாமல் விதையைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, நின்று பலன் தருபவை: முருங்கை, அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை, தவசிக்கீரை. முருங்கைப் போத்து மூன்று, நான்கு அடி நீளம் இருக்கட்டும். ஆவணி, புரட்டாசி மழையில் ஊன்றினால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும். கை கழுவுகிற தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் பப்பாளிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மூன்றாவதாகத்தான் கீரைப் பாத்தி. நாலுக்கு எட்டு அடியில் மூன்று பாத்தி போதும். பத்து நாளுக்கு ஒரு பாத்தி விதைத்தால் கீரை விட்டுப்போகாது. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். அரைக்கீரை அரிய அரியத் தழையும்.

ரசாயன மருந்து வாசலுக்கே வரக்கூடாது. சின்னப் பிள்ளைகள் இலையைக் கிள்ளி அப்படியே வாயில் போடும். பூச்சி கண்ட இலையைக் கிள்ளி அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

சமைக்கும்போது இரண்டு விஷயம். கீரையிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். நம்ம ஊர்க் கடலெண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பருப்போடு கடையச் சொல்லுங்கள். கீரையின் இரும்புச்சத்து சேர எலுமிச்சை, நெல்லி, கொய்யா துணை செய்யும்.

“கீரை வேணாம்”னு முகத்தைத் திருப்பின பிள்ளை, தான் தண்ணி ஊத்தின பாத்திக் கீரைன்னா தட்டை நீட்டுது. அந்தப் பாடத்தைப் படம் காட்டி நடத்த முடியாது. பாத்தி உயிரோடு இருக்க வேண்டும்.

அதற்கு உழவர்கள் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். விதை கொடுத்ததோடு நிற்காமல், உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் சித்திரை, வைகாசி இரண்டு மாதம் தண்ணீருக்குப் பொறுப்பு ஏற்றுக்கொள்ளுங்கள். டீச்சரம்மாவிடம் பேசி, விடுமுறை நாளில் யார் ஊற்றுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.