கழுத்தா, முழு உடம்பா?

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் என் நண்பர், சுட்ட தோட்டாக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி, .30-06. கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கும் அச்சு (டை) போதும் என்கிறார். சரியா?

பதில்: குறி பார்த்துச் சுடும் மைதானத்தில் சரி. காட்டுக்கு நான் ஒப்பமாட்டேன். சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் அறைக்குள் வார்த்தெடுத்தாற்போல் ஆகிவிடும். கழுத்தை மட்டும் இறுக்கினால் அந்தப் பொருத்தம் கலையாது, பித்தளைக்கும் நோவு குறைவு. ஆனால் சில முறை சுட்டபின் கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழுள்ள சரிவு, முன்னே வந்து முட்டும். போல்ட்டை உள்ளங்கையால் தட்டித்தான் மூட வேண்டிவரும். மான் அதுவரை நிற்குமா?

கூடு முழுவதையும் இறுக்கும் முழு நீள டையே வாங்கச் சொல்லுங்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டையை அடிவரை முறுக்கிவிடக் கூடாது. தோள் 0.05 மில்லிமீட்டர் பின்வாங்கினால் போதும். அதிகம் தள்ளினால் ஒவ்வொரு சூட்டுக்கும் கூடு இழுபட்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிய்ந்துவிடும். டைக்குள் விடுமுன் மசகு மெல்லத் தடவ வேண்டும். மறந்தால் கூடு உள்ளே இறுகிக்கொள்ளும். அன்றைய மாலை போச்சு. குண்டைப் பொருத்தும் டை சாதாரணமானதே போதும். மைக்ரோமீட்டர் வைத்தது வேட்டைக்கு வீண் செலவு.