ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பங்களில் முதலிடம் எதற்கு?

கேள்வி: ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆல்பங்களை வரிசைப்படுத்தினால், நெடுநாள் ரசிகர்கள் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.'வைத்தானே முதலில் வைப்பார்கள்?

பதில்: விற்பனையைப் பார்த்தால் அதுதான். 1984இல் வெளியான அந்த ஒரே ஆல்பத்திலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்காவின் டாப் 10 பட்டியலில் ஏறின. ஆனால், பழைய ரசிகர்கள் பலருக்கு மனசு அதற்கு முந்தைய ஆல்பங்களில்தான்.

'பார்ன் டு ரன்' (1975) தலைப்புப் பாடலைப் பதிவு செய்யவே ஆறு மாதம் பிடித்தது. அவ்வளவு பிடிவாதம்! அடுத்த ஆல்பமான 'டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்' வர மூன்றாண்டு ஆனதற்குக் காரணம் வேறு: மேனேஜர் மைக் அப்பெலுடன் வழக்கு. அந்தக் கசப்பு பாடல்களிலும் இறங்கியிருக்கிறது. 'டார்க்னஸ்' ஆல்பத்துக்கு இரண்டாம் இடம் தாராளமாகத் தரலாம்.

முதலிடம்? 'நெப்ராஸ்கா' (1982). நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, தன்னந்தனியாக அவர் பாடி வைத்த மாதிரிப் பதிவுகள் அவை. பிறகு தன் குழுவான இ ஸ்ட்ரீட் பேண்ட் கலைஞர்களோடு ஸ்டுடியோவில் அதே பாடல்களை வாசித்துப் பார்த்தார், ஒட்டவில்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டில் இருந்ததே ஆல்பமாக வந்தது. கொலைகாரர்களும் வேலை இழந்தவர்களும் பேசும் அந்தக் கதைகளுக்கு டிரம்ஸ் எதற்கு?

கடைசி இடத்துக்குப் பெரிய சண்டையில்லை. 1992இல் ஒரே நாளில் வெளிவந்த 'ஹ்யூமன் டச்', 'லக்கி டவுன்' இரண்டில் முன்னதைப் பலரும் தயங்காமல் கீழே தள்ளுவார்கள். பின்னதற்காக வாதாட இன்னும் ஆளிருக்கிறது.