கேரவன் எதற்கு, அறை போதும்

கோடை விடுமுறையில் சில வாரங்கள் கையில் இருந்தால், வேனிலேயே சமைத்துத் தூங்கி ஊர் சுற்றும் ஆசை இயல்பானதே. ஆனால் வேலூர், ஆம்பூர் பக்கம் அது சிக்கனமாகாது. கேரவன் ஓடினாலும் நின்றாலும் நாள் வாடகை உண்டு. இங்கோ ஊர்கள் நெருக்கம். வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர்தான், வண்டி பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். 40 டிகிரி வெயிலில் காய்ந்த வண்டிக்குள் உறக்கமும் வராது. சமையல் வசதியுள்ள அறையை வார வாடகைக்குப் பிடியுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருவோருக்காக வேலூரில் அப்படிப்பட்ட விடுதிகள் நிறைய உண்டு. நோயாளிகளின் இடத்தை அடைப்பது நியாயமா? இல்லை. ஆஸ்பத்திரித் தெருக்களை அவர்களுக்கு விட்டுவிட்டு, காட்பாடி ரயில் நிலையப் பக்கம் தேடுங்கள்.

அங்கிருந்து பஸ்ஸும் ரயிலும் போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வேலூர்க் கோட்டைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் பாயும் யாளிகளையும் குதிரைகளையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆம்பூருக்கு மதியத்துக்குள் போனால் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சூடாகக் கிடைக்கும். ஏலகிரிக்கு ஜோலார்பேட்டையில் இறங்குங்கள். ஜவ்வாது மலைக்கு பஸ் குறைவு, பெரியவர்களோடு சிரமம் என்பது உண்மைதான். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கார் பேசுங்கள். அந்த மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போவதானால், பார்வையாளர் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.