கிளினிக் கல்லாவில் ஓட்டையா?

மகனோ மருமகளோ சொந்தமாக கிளினிக் நடத்துகிறார்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்!

நாள் முழுக்க கூட்டம். ஆனால், மாதக் கடைசியில் கையில் நிற்பதோ சொற்பம். உள்ளே பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் டாக்டருக்கு, வெளியே மேஜையில் நடப்பது எப்படித் தெரியும்?

‘சேச்சே... அந்தப் பொண்ணு எட்டு வருஷமா இருக்கா. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்பீர்கள். உண்மையாகவே அப்படி இருக்கலாம். ஆனால், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியவர்களைச் சிறையில் சந்தித்துப் பேசிய அமெரிக்க அறிஞர் டொனால்ட் க்ரெஸ்ஸி, 1953-ல் தன் புத்தகத்தில் சொன்னது இதுதான்: வெளியே சொல்ல முடியாத பணக் கஷ்டம், எடுக்க வாய்ப்பு, ‘அப்புறம் திருப்பி வெச்சுடலாம்’ என்ற சமாதானம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கை நீளும். இதில் வாய்ப்பை அடைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எப்படி அடைப்பது?

● வரிசை எண் அச்சிட்ட ரசீது புத்தகம் போடுங்கள். டாக்டர் தன் மேஜையில் தனி நோட்டில் நோயாளியின் பெயர், சிகிச்சை, தொகை மூன்றையும் குறிக்கட்டும். தினமும் இரவு இரண்டையும் ஒத்துப் பாருங்கள். பத்தே நிமிட வேலை!

● பணம் வாங்குபவரே கணக்கும் எழுதி, பாங்கிலும் கட்டக் கூடாது. ஒரே ஊழியர்தான் என்றால், கணக்கை வீட்டில் ஒருவர் பாருங்கள்.

● ‘டாக்டர் கன்ஸஷன்’ என்று எழுதிவிட்டு, முழுப் பணமும் வாங்குவது பழைய தந்திரம். டாக்டர் கையெழுத்து இல்லாமல் சலுகை கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

● பல் கிளினிக்கா? லேபிலிருந்து வந்த ஒவ்வொரு செயற்கைப் பல்லுக்கும் ஒரு நோயாளி ரசீது இருக்க வேண்டுமே! மாதாமாதம் லேப் பில்லோடு சரிபாருங்கள்.

● க்யூ.ஆர். அட்டை உங்கள் கணக்கினுடையதுதானா என்று அவ்வப்போது நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

● மருந்துகளை மாதம் ஒருமுறை எண்ணுங்கள். தூக்க மருந்து, போதை தரும் வலி மருந்துகள் பூட்டுக்குள் இருக்கட்டும். இவை குறைந்தால் அது பண விஷயம் மட்டுமல்ல. எடுத்தவருக்கே சிகிச்சை தேவைப்படலாம்.

● லீவே எடுக்காத ஊழியரை வருடத்துக்கு ஒரு வாரமாவது லீவில் அனுப்புங்கள். அந்த வாரம் வேறொருவர் அந்த வேலையைப் பார்க்கட்டும்.

சந்தேகம் வந்தால்..?

நோயாளிகள் எதிரில் கத்தாதீர்கள். ஒரு ரசீது விட்டுப்போனது வெறும் மறதியாகவும் இருக்கலாம். தவறான பழி ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிடும். முதலில் ரசீது, நோட்டு, பாங்க் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, தனியே உட்கார்த்திக் கேளுங்கள். ஊழியர் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 306-வது பிரிவு). புகார் தருவதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள்.

இன்னொன்று... நியாயமான சம்பளம், அவசரத்துக்கு முன்பணம் இரண்டும் கொடுங்கள். ‘சார்கிட்ட கேட்டா தருவார்’ என்ற தைரியம் இருந்தால், கல்லாவில் கை வைக்கத் தோன்றாது.

கணக்குப் பார்ப்பது சந்தேகப்படுவது ஆகாது. நாணயமாக வேலை செய்பவருக்கு அதுதான் பாதுகாப்பு!