பாலாடையும் பரிவும்

பெற்ற தாயோடு உடனிருந்து மகவைப் பேணி வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்று பண்டைத் தமிழ் நூல்கள் குறிக்கும். மருத்துவமனையில் நோயுற்றாரைப் பேணுவோரை இன்று செவிலியர் என வழங்குகிறோம். அப்பழம்பெயர் இவர்க்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பதைப் பிறவிக் குறையோடு பிறந்த குழவியின் அருகே காணலாம்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அத்தகைய குறைகளாம். உலகில் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 700-இல் ஒன்றுக்கு இவற்றுள் ஒன்றோ இரண்டுமோ அமைகின்றன. கருவின் 4 முதல் 7 வாரங்களில் மேலுதட்டின் பகுதிகளும், 6 முதல் 9 வாரங்களில் அண்ணத்தின் பகுதிகளும் இணைதல் இயல்பு. அவ்விணைப்பு நிறைவுறாவிடின் பிளவு தோன்றும். தாய் கிரகணத்தைக் கண்டமையால் நேர்ந்தது எனப் பழிப்பாரும் உளர். அஃது அறியாமையே, அவள் பார்வைக்கும் இக்குறைக்கும் தொடர்பு சிறிதும் இல்லை.

அண்ணம் பிளந்த குழவி பசியால் வாய் திறக்கும். ஆயினும், வாயும் மூக்கும் ஒன்றாகத் திறந்து கிடத்தலால் பாலை உறிஞ்ச இயலாது. உண்ட பாலும் மூக்கின் வழியே வெளிவரும், புரையேறும். முயன்று களைத்த குழவி அரைப்பசியோடு உறங்கிவிடும். தாயிடம் பால் நிறைந்திருந்தும் சேய் மெலியும்.

இந்நிலையில் உதவுவது எளிய பாலாடையே. செவிலியர் தாய்ப்பாலைத் தூய கிண்ணத்தில் பீய்ச்சச் செய்வர். குழவியைத் தலை உயர்ந்திருக்குமாறு அணைத்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுவர். ஒரு வாய் விழுங்கிய பின்னரே மறுவாய் அளிப்பர். விரைந்து ஊற்றின் பால் மூச்சுக்குழலுட் புகுந்து உயிர்க்கே இடர் விளைக்கும். விழுங்கிய காற்று வெளியேற இடையிடையே தோளிற் சார்த்தி முதுகைத் தட்டுவர். உண்டது போதுமா என்பதை அறியக் குழவியை நிறுத்து எடையைக் குறித்து வைப்பர்.

இவற்றினும் அரியதொரு பணி உண்டு. மகவின் முகங்கண்டு கலங்கும் தாய்க்கு, அவள்மேல் பிழை யாதும் இல்லை என உணர்த்தி, பாலாடையை அவள் கையிலேயே தந்து பழக்குதல் அதுவாகும். வீடு சென்றபின் குழவியைக் காக்கும் கை அதுவன்றோ!

நன்கு எடையேறிய குழவிக்கு ஏறத்தாழ 3 மாதத்தில் உதட்டையும், பெரும்பாலும் 18 மாதத்திற்குள் அண்ணத்தையும் அறுவை மருத்துவர் இணைத்துத் தைப்பர். அந்நாள் வரை குழவியை வளர்த்துத் தருவது பொறுமையே. மருந்தறிவும் தாயன்பும் ஒருங்கே உடையாரைச் செவிலியர் என்றல் சாலவும் தகும்.