பட்டில் பற்றிக்: முதலில் ஒரு சாண் துண்டு

இலங்கையில் 1960களில் பற்றிக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தவர்களுள் ஏனா டி சில்வா முக்கியமானவர். பருத்தியில் இக்கலையைப் பழகிய நாம், பட்டிலும் அதே முறை போதும் என எண்ணினோம். சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்த பட்டு, மினுக்கம் இழந்து வெளிவந்தது.

காரணம் என்ன? பருத்தி செடியின் நார். பட்டு, புழு நூற்ற புரதம். சோடா புரதத்தை அரிக்கும். பட்டுக்கு ஏற்றது அமிலச் சாயமும் சிறிது வினாகிரியும்.

இனிச் செய்துபார்ப்போம்.

1. மூன்று சாண் துண்டுகள் எடுப்போம். ஒன்றில் தேன்மெழுகு, ஒன்றில் பரபின், ஒன்றில் இரண்டும் சமபங்கு. தேன்மெழுகு வளையும், பரபின் வெடிக்கும். வெடிப்புகளில் சாயம் இறங்கி நரம்புக் கோடுகளாகும். எது அழகு என்று குறித்துவைப்போம்.

2. மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்தே உருக்குவோம். ஓலைக் கொட்டிலுக்குள் இவ்வேலை வேண்டாம். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடுவோம்.

3. மென்னிறம் முதலில், கடுநிறம் பின்னர். சாயத்தைத் தூரிகையால் பூசுவோம்.

4. காய்ந்தபின் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, நீர் படாமல் ஆவியில் அவிப்போம். மெழுகு தாளில் ஊறும். நிறம் பட்டில் பிடிக்கும்.

வெறுங்கையோடு மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு யார் பட்டின் நட்டம் பெரிது. அதே பாடத்தை ஒரு சாண் துண்டே கற்றுத்தரும்.