பழைய சொகுசு மகிழுந்து

மட்டாஞ்சேரி உப்புக்காற்று வீசும் கடலோர ஊர். இங்கு ஓர் இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய சொகுசு மகிழுந்தை வாங்க விரும்புவோர், முதலில் அதன் அடிப்பகுதியில் துரு உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். பழைய வண்டியின் விலை குறையும். அதன் உதிரி பாகங்களின் விலையோ குறைவதில்லை. ஓடிய தொலைவைப் பராமரிப்புப் பதிவுகளோடு ஒப்பிடுதல் நன்று.

ஆவணங்களையும் ஆராய வேண்டும். பூட்டானிலிருந்து வரி செலுத்தாமல் கொண்டுவரப்பட்டவை என்னும் ஐயத்தால், பழைய சொகுசு வண்டிகள் பலவற்றை 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறையினர் பறிமுதல் செய்தனர். விற்றவர் செய்த தவற்றால் வாங்கியவரின் சேமிப்பும் அழியக்கூடும்.

பயிற்சி
1. வண்டியின் விலை மட்டுமே அதன் முழுச் செலவாகாது. ஏன்?
2. பிரித்து எழுதுக: உப்புக்காற்று.